பொம்மி குடிக்காத தண்ணீர்

மார்ச் 18, திங்கள்

அம்மாவும் அப்பாவும் தூங்கிவிட்டார்கள். இதைப் படிக்க யாருமில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இன்று மாலை அப்பாவின் பெரிய தொட்டியிலிருந்து பக்கத்து வீட்டு மாட்டுக்கு நான்கு குடம் தண்ணீர் கொடுத்தேன். அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. அப்பா என்னை இதுவரை அடித்ததில்லை. ஆனால் போன வருடம் மீன் தொட்டிகளுக்குக் காற்று விடும் மோட்டாரை நிறுத்திவிட்டுப் போன வேலைக்காரப் பையனை நோக்கி மீன் வலைக் கம்பை வீசினார். அது சுவரில் பட்டு இரண்டாக உடைந்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

கொளத்தூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் கலர் மீன் வளர்க்கிறார்கள். எங்கள் வீட்டுப் பின்புறம் முழுக்க சிமெண்ட் தொட்டிகள். அப்பா வளர்ப்பது ஏஞ்சல் மீன். ஆழ்துளைப் போர் தண்ணீர் முதலில் பெரிய தொட்டிக்கு வரும். ஒரு நாள் முழுக்க அதில் காற்றுக் குழாய் கொப்புளம் விட்டுக்கொண்டிருக்கும். பிறகுதான் மீன் தொட்டிகளுக்குப் போகும். எங்களுக்குக் குடிக்க, குளிக்க எல்லாம் தெருமுனை கறுப்பு டேங்க்கில் லாரி வந்து நிரப்பும் தண்ணீர்தான். அதில் மருந்து வாடை அடிக்கும்.

"தெருத் தண்ணி மனுசனுக்கு, போர் தண்ணி மீனுக்கு. மாத்திப் புழங்கக் கூடாது." இது அப்பாவின் சட்டம்.

பக்கத்து வீட்டில் கோவிந்தம்மா அத்தை குடியிருக்கிறார். தனி ஆள். பொம்மி என்று ஒரு மாடு. அதன் பாலை நான்கைந்து வீடுகளுக்கு ஊற்றித்தான் வாடகை கட்டுகிறார். ஜனவரியில் அப்பா போரை இன்னும் ஆழமாக இறக்கினார். அதற்கு இரண்டு வாரம் கழித்து அத்தையின் கைப்பம்ப் வற்றிவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று அப்பா சொல்கிறார். பூமிக்கு அடியில் எது எங்கே ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும் என்கிறார். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அத்தை தெருத் தண்ணீரை அண்டாவில் ஊற்றி வைத்தால் பொம்மி தாகம் தாங்காத நாளில் நாலு வாய் உறிஞ்சும், மற்றபடி முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. அது சினையாக இருக்கிறது. இன்று அதன் மூக்கு காய்ந்து வெடித்திருந்ததைச் சுவருக்கு மேலாகப் பார்த்தேன். அவ்வளவுதான். வேறு எதையும் யோசிக்கவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

தொட்டியின் உட்சுவரில் அப்பா ஒவ்வொரு இரவும் தண்ணீர் நிற்கும் இடத்தில் சாக்கட்டியால் கோடு போடுகிறார். நேற்று குறைந்திருந்ததைக் கவனித்துவிட்டார். "வெயில்ல உறிஞ்சிட்டுது போல" என்றார் அம்மாவிடம். 

மார்ச் 20, புதன்

அத்தையிடம் போய் இனிமேல் முடியாது என்று சொல்லத்தான் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"சும்மா வாங்குனா அது திருட்டு, கண்ணு. எனக்கும் அசிங்கம். என் பங்குக்குத் தெரு டேங்க்ல புடிக்கிறேன் இல்ல, அதுல நாலு குடம் சுவத்து மேல வெக்கிறேன். நீ நாலு குடம் போர் தண்ணி குடு, இத அங்க ஊத்திடு. மாத்திக்கினா திருட்டு இல்ல."

"மீனுக்கு அந்தத் தண்ணி ஆகாதுன்னு அப்பா சொல்வாரு அத்தை."

"அம்மாம் பெரிய தொட்டில நாலு குடம் இன்னா பண்ணும்? நாமளே குடிக்கிறோம். ஒரு ராத்திரி பூரா காத்து வுடுறாரு, வாடையெல்லாம் பூடும்."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. மாலை ஆறு மணிக்கு முன்னால் செய்தால் போதும். அந்த நேரத்தில் அப்பா மீன் பாக்கெட்டுகளைக் கடைகளுக்குக் கொண்டுபோவார். அம்மா டெய்லர் கடையிலிருந்து வந்திருக்க மாட்டார்.

மார்ச் 22, வெள்ளி

மாற்றினோம். கோடு இறங்கக் கூடாதென்று எங்கள் பங்குத் தெருத் தண்ணீரிலும் இரண்டு குடம் சேர்த்து ஊற்றினேன், இறங்கவில்லை. பொம்மி ஒரே மூச்சில் குடித்தது. தொண்டையில் தண்ணீர் இறங்குவது உருண்டை உருண்டையாகத் தெரிகிறது.

மார்ச் 24, ஞாயிறு

அப்பா "மோனி, இங்க வா" என்று என்னைக் கூப்பிட்டு ஐந்தாம் தொட்டியைக் காட்டினார். உடம்பில் வரியுள்ள ஏஞ்சல் ஜோடி சிலேட்டுத் துண்டில் முட்டை வைத்திருந்தது. வரிசை வரிசையாக, குண்டூசித் தலை போல. தாய் ஒரு பக்கம், தகப்பன் ஒரு பக்கம் நின்று துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தன.

"இன்னாத்துக்கு விசிறுதுன்னு தெரியுமா? தண்ணி ஓடிக்கினே இருந்தாத்தான் முட்டைக்கு மூச்சு. நின்னுச்சுன்னா பூசணம் புடிச்சிக்கும். ரெண்டு நாளு தூங்காதுங்க."

அப்பா மீனைப் பற்றிப் பேசும்போது குரல் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. அப்படிப் பேசும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் போலிருந்தது. அதற்குள் அவர் பெரிய தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"ஊரே வத்திப் போச்சுன்றானுங்க. நம்ம கோட்டப் பாரு, எறங்கவே இல்ல. நம்ம போர் உசுரோட கீது, மோனி."

பெங்களூர்க்காரர் ஒருவர் பெரிய ஆர்டர் கேட்டாராம். தண்ணீர் இருக்கும் தைரியத்தில் ஒத்துக்கொண்டேன் என்றார்.

நான் ஐந்தாம் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 30, சனி

போர் இப்போது காலையில் கொஞ்ச நேரம்தான் வருகிறது. மற்ற நேரம் இருமுகிறது. அப்பா மோட்டாரைக் குறை சொல்கிறார். தொட்டியில் கோடு நிற்கிற இடம் போன மாதம் என் தோள் உயரம். இன்று இடுப்புக்குக் கீழே. மீன் தொட்டிகளுக்குப் போகப் போகக் குறைகிறது. ஆனால் ராத்திரி போட்ட கோடு மறுநாள் மாலையில் அப்படியே இருக்கிறது, அது நான் தினமும் கூடுதலாக ஊற்றுவதால்.

பரீட்சைக்குப் படிக்க வேண்டும்.

ஏப்ரல் 4, வியாழன்

தெருவில் ஏழெட்டுப் பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. கறுப்பு டேங்க்கில் யாரோ ஒரு ஆள் ஏறி வெள்ளைப் பொடியை அள்ளிக் கொட்டிவிட்டுப் போனார். இன்று தண்ணீரை வாயில் வைத்தபோது கண் எரிந்தது. அம்மா காய்ச்சித் தருகிறார்.

வெயில் தாங்க முடியவில்லை. பொம்மிக்கு நான்கு போதவில்லை. இன்று ஆறு.

ஏப்ரல் 8, திங்கள்

மாலை ஆறு குடம் கொடுத்துவிட்டேன். அத்தையின் குடங்களை எடுத்து ஊற்றுவதற்குள் தெருவில் அப்பாவின் வண்டிச் சத்தம். தலைவலி என்று சீக்கிரம் வந்துவிட்டார். குடங்கள் சுவருக்கு அந்தப் பக்கமே நிற்கின்றன. நல்ல வேளை, கோடு பார்க்காமல் படுத்துவிட்டார். விடியற்காலையில் அப்பா மீனுக்குப் புழு வாங்கப் போவார். அப்போது ஊற்றிவிட வேண்டும். நாளை அறிவியல் பரீட்சை.

ஏப்ரல் 9, செவ்வாய்

மீன்கள் செத்துவிட்டன. எல்லாத் தொட்டியும்.

லாரித் தண்ணீரில் ஏதாவது இருந்திருக்கும். வெயிலாகவும் இருக்கலாம். மோட்டார் பழையது.

ஏப்ரல் 10, புதன்

நேற்று எழுத முடியவில்லை. எழுதியதும் சரியில்லை.

பரீட்சை முடிந்து மதியம் வந்தபோது வாசலில் கூட்டம். பின்புறத்தில் அப்பா முட்டிவரை பேண்ட்டை மடித்துக்கொண்டு நின்றார். ஏஞ்சல் மீன்கள் நீல டப்பாக்களில் பளபளவென்று கிடந்தன. சில இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சிலேட்டுத் துண்டுக்குப் பக்கத்திலேயே அந்த ஜோடி பக்கவாட்டில் மிதந்தது. அப்பா பெரிய தொட்டித் தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்தார். என்னிடம் நீட்டினார்.

"இன்னா வாடை?"

"தெரியலப்பா."

தெரிந்தது.

அப்போதுதான் அவர் சுவரோரம் கிடந்த பச்சைக் குடத்தைப் பார்த்தார். தெரு டேங்க்கில் குடம் மாறிப்போகாமலிருக்க எல்லோரும் பெயிண்ட்டில் அடையாளம் வைப்பார்கள். அதில் வெள்ளையாக 'கோ' என்று இருந்தது. காலையில் ஆறையும் பெரிய தொட்டியில் ஊற்றிவிட்டு ஐந்து குடங்களை அந்தப் பக்கம் திருப்பி வைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆறாவதை மறந்துவிட்டேன்.

அப்பா குடத்தையும் ஒரு டப்பா மீனையும் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார்.

"கோவிந்தம்மாக்கா! வெளிய வா. இது யாரு குடம்?"

அத்தை சாணிக் கையோடு வந்தார். "என்னுதுதான். இன்னாத்துக்குக் கத்துற?"

"என் வூட்டுக்குள்ள எப்புடி வந்துச்சு?"

அத்தை குடத்தைப் பார்த்தார். டப்பாவில் இருந்த மீன்களைப் பார்த்தார். பிறகு அப்பாவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். நான் ஸ்கூல் பையைக் கழற்றக்கூட இல்லை.

"நான்தான் ஊத்துனேன்" என்றார்.

"பிளீச்சிங் பவுடரா?"

"தெருத் தண்ணி. நீ குடிக்கிறதுதான் எத்திராஜு. நான் குடிக்கிறதும் அதான்."

"எதுக்கு ஊத்துன?"

அத்தை சாணிக் கையைச் சேலையில் துடைத்தார். கூட்டத்திலிருந்து ஒருவர், "போர் போட்டான்னு வயித்தெரிச்சல். மீனு குடிக்க ஊரையே வத்த வெச்சுட்டான்னு பொங்கல் முடிஞ்சதுமே தெருவுல நின்னு கத்துச்சே" என்றார்.

"எரிஞ்சா என் மூஞ்சில ஊத்தியிருக்கணும். வாயில்லாத மீனு இன்னா பண்ணுச்சு?" அப்பாவின் குரல் உடைந்தது.

"வாயில்லாத மாடு இன்னா பண்ணுச்சு? மூணு மாசமா அது நாக்கத் தொங்கப் போட்டுக்கினு நின்னப்ப நீ வந்து கேட்டியா?"

அப்பா குடத்தைத் தரையில் அடித்தார். அது உடையவில்லை, எகிறிக் குதித்து என் காலடிக்கு உருண்டு வந்தது. எல்லோரும் என்னைப் பார்ப்பது போலிருந்தது. யாரும் பார்க்கவில்லை.

அத்தை கடைசிவரை என் பெயரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

அத்தை குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் வந்து இந்த மாதத்தோடு காலி செய்யச் சொன்னாராம். பக்கத்து வீட்டுத் தொட்டியில் மருந்து கலக்கிற ஆளை வைத்துக்கொள்ள முடியாதாம். பால் வாங்குகிறவர்களும் நிறுத்திவிட்டார்கள். அம்மா மட்டும், "அந்தம்மா அப்புடிப் பண்றவங்க இல்லியே" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

ஏப்ரல் 13, சனி

பொம்மி கத்துகிறது. பகலெல்லாம் கத்துகிறது. எங்கள் தொட்டியில் கொடுக்கத் தண்ணீரும் இல்லை, கொடுக்க எனக்குத் தைரியமும் இல்லை. சுவருக்கு மேலாகப் பார்த்தேன். அண்டாவில் தெருத் தண்ணீர் நிறைய இருந்தது. அது குனிந்து முகர்ந்தது, பெருமூச்சு விட்டது, தலையைத் திருப்பிக்கொண்டது.

அது ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான்தான் அந்தத் தண்ணீரை எடுத்துப்போய், திரும்பிக்கொள்ள வேறு இடமில்லாத மீன்களுக்கு ஊற்றியிருக்கிறேன்.

அறிவியல் பரீட்சையில் குளோரின் பற்றி ஒரு கேள்வி வந்தது. நீரில் உள்ள நுண்ணுயிரிகளைக் கொல்லும் என்று எழுதி வைத்துவிட்டு வந்தேன். அதை எழுதிய நேரத்தில் இங்கே மோட்டார் ஓடி, ஒரு ராத்திரிகூடக் காற்று படாத அந்தத் தண்ணீரை மீன் தொட்டிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கும்.

ஏப்ரல் 17, புதன்

காலையில் ஒரு குட்டி யானை சரக்கு வண்டி வந்தது. பலகை போட்டார்கள். பொம்மி ஏற மாட்டேன் என்று கால் ஊன்றிக்கொண்டது. மாட்டை வாங்கிய புரோக்கர் வாலை முறுக்கினார். "அத வுடுய்யா, நானே ஏத்துறேன்" என்று அத்தை கழுத்தைக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அவருக்குப் பின்னால் அது ஏறிவிட்டது.

நான் பாத்ரூம் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். அவ்வளவு பக்கம்.

ஏப்ரல் 20, சனி

அத்தையும் போய்விட்டார். இரண்டு மூட்டை, ஒரு பீரோ. வாசலில் நின்று பூட்டை இழுத்துப் பார்த்தார். எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

போர் நின்றுவிட்டது. காற்றுதான் வருகிறது.

அப்பா விடுவதாக இல்லை. செத்துப்போனவற்றுக்குப் பதிலாகப் புது ஜோடிகள் வாங்கிவிடலாம், தண்ணீர்தான் முக்கியம் என்கிறார். போர் போடும் ஆளிடம் வாசலில் நின்று பேசினார்.

"போன மாசம் பூரா ராத்திரி போட்ட கோடு மறுநா எறங்கவே இல்ல. அடியில தண்ணி கீதுய்யா. எங்கியோ அடைச்சிக்கினு கீது. இன்னும் இருநூறு அடி போடு."

"அம்மாம் ஆழம் போனா தெருவுல மிச்சம் மீதி இருக்கிற போரெல்லாம் படுத்துடும் சார்."

"என் தண்ணி நான் எடுக்குறேன். அவனவன் தண்ணி அவனவன் பாத்துக்கட்டும்."

வெள்ளிக்கிழமை வண்டி வருகிறது. அம்மா காதில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். காதில் இருப்பதைக் கழற்றி அடகு வைத்துத்தான் போர் போட வேண்டும்.

அடியில் தண்ணீர் இல்லை. கோடு இறங்காமல் இருந்தது என்னால். அது அப்பாவுக்குத் தெரியாது.

மே 1, புதன்

சொல்லிவிட்டேன்.

மதியம் அப்பா காலித் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று நான்கு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதில் ஒன்றும் வரவில்லை. "கோடு நான்தான்பா" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னேன். பொம்மியின் மூக்கு, சுவர், குடம், பரீட்சை நாள் காலை எல்லாம். சுரண்டும் தகடு அவர் கையிலேயே இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு பேசினேன்.

முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"மாடு அந்தத் தண்ணிய மோந்துட்டுத் திரும்பிக்கினுச்சா?"

"ஆமாம்பா."

"அதுக்குத் தெரிஞ்சிருக்குது" என்றார்.

அம்மா ஈரத் துணியோடு வந்தார். "அன்னிக்கு அந்தம்மாவ நடுத்தெருவுல நிக்க வெச்சாரே, அப்ப ஏன்டி வாயத் தொறக்கல?"

"பயமா இருந்துச்சு."

"யாரப் பாத்துப் பயம்?"

 என் கண் எங்கே போனது என்று அப்பா பார்த்துவிட்டார். தகட்டைக் கீழே வைத்தார். ரொம்ப மெதுவாக, சத்தம் வராமல் வைத்தார். பிறகு எழுந்து உள்ளே போய் போர்க்காரருக்குப் போன் பண்ணினார். "வேணாம்யா. தண்ணி இல்ல. ஜனவரிலயே முடிஞ்சு போச்சு. நான்தான் கடைசியா உறிஞ்சியிருக்கேன்" என்றார்.

ராத்திரி சாப்பிடவில்லை. என்னைத் திட்டவுமில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மே 5, ஞாயிறு

அப்பாவும் நானும் கோவிந்தம்மா அத்தையைப் பார்க்கப் போனோம். சோழவரத்துக்கு அந்தப் பக்கம் தங்கச்சி வீட்டில் இருக்கிறார். ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறாராம். கை வெளுத்து, விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது.

அப்பா வாசலிலேயே நின்றார். "அக்கா, எனக்கு இப்பத்தான் தெரியும்."

"தெரிஞ்சா சரி. வெயில்ல நிக்காத, உள்ள வா."

"மாட்ட யாருகிட்ட குடுத்தே? நான் போயி கேக்குறேன். எப்புடியாவது ஓட்டிக்கினு வந்துடறேன்."

"ஆந்திரா பக்கம் போயிடுச்சாம். அங்கேயிருந்து இன்னொரு கைக்கு மாறிடுச்சாம். எங்கன்னு போயி கேப்பே?" அத்தை முந்தானையால் கையைத் துடைத்தார். "மாட்டப் பத்தி வுடு. உன் மீனு?"

"ஒண்ணும் இல்லக்கா. தொட்டியெல்லாம் காலி."

"நாலு குடம் இன்னா பண்ணும்னு இந்தப் புள்ளகிட்ட சொன்னவளே நான்தான். அதுங்க வாயத் தொறந்து தொறந்து மூடுனத இப்பவும் நெனச்சிக்கிறேன்."

"என் போருதானக்கா எல்லாத்துக்கும் ஆரம்பம்."

அத்தை இல்லை என்று சொல்லவில்லை. 

பின்பக்கம் குழாய் இருந்தது. அத்தை திறந்ததும் கை கனத்துக்குத் தண்ணீர் விழுந்தது. ஆளுக்கொரு தம்ளர் பிடித்துத் தந்தார். அப்பா குடிக்கும் முன் பழக்கத்தில் முகர்ந்து பார்த்தார்.

"வாடையே இல்ல, பாத்தியா? ஏரித் தண்ணி ஊறி வருது. இங்க தண்ணிக்குப் பஞ்சமே இல்ல எத்திராஜு. மாடுதான் இல்ல."

அப்பா அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் பஸ் நேரம் பார்க்கிறேன் என்று ரோட்டுக்குப் போய்விட்டார்.

நான் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. அத்தை என் கன்னத்தைத் துடைக்கவில்லை, தள்ளிவிடவும் இல்லை. குழாயை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"நீ குடுத்த தண்ணிய அது குடிச்சிது கண்ணு. அத நான் மறக்க மாட்டேன். அன்னிக்கு நீ பேசாம நின்னதயும் மறக்க மாட்டேன். ரெண்டும் இருக்கும்."

நான் தலையாட்டினேன். தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.